மாலை போட்ட படம்

உயிரோடு இருக்கிற ஒருவரைப் பார்த்து "அசையாதீங்க" என்று சொல்ல என் அப்பாவால் முடியாது.

படம் பிடிக்கிறவருக்கு அந்த ஒரு சொல்தான் தொழில். அப்பாவிடம் இருந்தது கண்ணாடித் தகடு போடுகிற மரப்பெட்டிக் கேமரா. லென்சின் மூடியைக் கையால் கழற்றி, மனத்துக்குள் எண்ணிவிட்டுத் திரும்ப மூட வேண்டும். வெயில் சாய்ந்தபின் மூன்று விநாடி, மேகம் இருந்தால் நான்கு. அதற்குள் எதிரில் இருப்பவர் கண் சிமிட்டினால் படத்தில் கண் கலங்கித் தெரியும். தலையைத் திருப்பினால் முகமே இருக்காது. இது வெளிச்சத்தின் கணக்கு, இதில் தாட்சண்யம் கிடையாது. அதனால் சொல்லியாக வேண்டும். அப்பா சொல்ல மாட்டார். துண்டை இறுக்கிக்கொண்டு, எதிரே இருப்பவர் தாமாக அடங்குவார் என்று காத்திருப்பார். யாரும் அடங்க மாட்டார்கள்.

அவர் பெயர் குழந்தைவேல். ஊர் பாகூர். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கொஞ்சம் கரும்பும் வைத்திருந்தார். யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டிய குடும்பம் இல்லை எங்களுடையது. ஆனால் நிலத்துக்கு நீர் விடுகிறவனிடம்கூட அவர் வாய் திறந்து கேட்டதில்லை, அம்மாதான் கேட்பாள். ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. அவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. இனித் தெரியவும் போவதில்லை.

பிரெஞ்சுக்காரரின் சைகோன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அரியாங்குப்பத்துக்காரர் ஒருவரிடமிருந்து அந்தப் பெட்டியை வாங்கினார். எடுத்த தகட்டை மருந்தில் கழுவுவதையும் அச்சிடுவதையும் அவரிடமே கற்றுக்கொண்டார். பிறகு இறந்தவர்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

எங்கள் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் உயிரோடு இருக்கிறவரைத் தனியாகப் படம் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். சுவரில் படம் தொங்கினால் அவர் இல்லை என்று அர்த்தம். ஒருவர் கண்ணை மூடியதும் உறவுக்காரர்களுக்குச் சொல்ல ஆள் போகும், கூடவே எங்கள் வீட்டுக்கும் ஆள் வரும். பிணத்தைக் குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்தி, வாசலில் நாற்காலியில் உட்கார்த்தி, இடுப்பில் துணியால் கட்டிவைப்பார்கள். மகன்களும் மருமக்களும் சுற்றி நிற்பார்கள். இறந்தவரிடம் அப்பாவுக்குக் கூச்சம் இல்லை. தாடையைத் தொட்டு நிமிர்த்துவார். இமையை விரலால் தூக்கி நிறுத்துவார். சுற்றி நிற்கிறவர்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டார்.

தகட்டைக் கழுவினால் நடுவில் இருப்பவர் மட்டும் மயிரிழை பிசகாமல் தெளிவாக இருப்பார். சுற்றிலும் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் புகைபோலத் தெரிவார்கள். யாரும் குறை சொன்னதில்லை. வேண்டியது நடுவில் இருப்பவர்தானே.

ஊரில் அவருக்குப் பொணப்படக்காரர் என்று பெயர் வந்தது. அது அக்கா அமுதத்தின் தலையில் விடிந்தது.

அப்பாவுக்கு மூத்தவள் கனகாம்பாள் அத்தை. மடுகரையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகன் சிங்காரவேலுவுக்குத்தான் அமுதம் என்று அக்கா பிறந்தபோதே பேசி வைத்தது. 1935இல் அக்காவுக்குப் பதினாறு வயது. அந்த வருடம் அத்தை வந்து, சாப்பிட்ட கையைக் கழுவாமலே பேச்சை எடுத்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா தம்பி. எங்க பங்காளிங்கதான் பேசறாங்க. பொணத்தைத் தொட்டுத் தொட்டுப் படம் புடிக்கற கை, அந்தக் கையால தாரை வாத்துக் குடுத்தா நாம வாங்கறதாங்கறாங்க."

"அந்தப் பொட்டியைத் தூக்கி ஏரியில போடச் சொல்லுங்க அண்ணி" என்றாள் அம்மா. "நான் சொன்னா காதுலயே வாங்கறதில்ல."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு வர்றது அது ஒண்ணுதான்."

"போட வாணாம்" என்றாள் அத்தை. "புதுச்சேரியில கல்யாணத்துக்கெல்லாம் படம் புடிக்கறாங்களாம். அந்த மாதிரி ஒரு நல்ல காரியத்துக்கு நீ போனேன்னு நாலு பேர் சொல்லட்டும். அப்புறம் எவன் பேசறான்னு நான் பாத்துக்கறன்."

"கூப்பிடணுமே அக்கா."

"உன்னை எவன்டா கூப்பிடுவான்? உன் தலை தெருவுல தெரிஞ்சாலே வூட்டுல கெழவன் இருக்கறவன் கதவைச் சாத்தறான்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, "இன்னும் மூணு நாலு வருசம் அவனுங்க வாயை அடைச்சி வெக்கறன். அதுக்குள்ள ஏதாவது பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

அந்த ஆண்டு ஜூலைப் பதினாலு பிரெஞ்சு விழாவை ஒட்டிப் புதுச்சேரியில் நடந்த விவசாயக் கண்காட்சியில் படப் போட்டியையும் சேர்த்திருந்தார்கள். முதற்பரிசு பெற்றவர் பெயர் பத்திரிகையில் வரும் என்றார்கள். பத்திரிகையில் பெயர் வந்தால் ஊர்ப்பேச்சு மாறும் என்று அப்பா நினைத்தார். தன்னிடம் இருந்தவற்றில் மிகத் தெளிவான படத்தை எடுத்துப் போனார். சேலியமேட்டில் இறந்துபோன ஒரு பெரியவரின் படம் அது.

நான் அப்போது புதுச்சேரியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். நானும் கூடப் போனேன். படங்களைத் தேர்ந்தெடுக்கிறவர் தெய்வநாயகம். நகரத்தில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தவர், குரல் கணீரென்று இருக்கும்.

"நடுவுல இருக்கறவரு யாருய்யா?"

"சேலியமேட்டுக்காரருங்க."

"இன்னா பொறுமை அவருக்கு. சுத்தி நிக்கறவன் அத்தினி பேரும் ஆடியிருக்கான், அவரு மட்டும் கல்லு மாதிரி இருக்காரு."

பக்கத்தில் இருந்த ஒருவர் தெய்வநாயகத்தின் காதில் ஏதோ சொன்னார். தெய்வநாயகம் படத்தை மறுபடி பார்த்தார்.

"ஓகோ. அதான் அவரு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டிருக்காரு."

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா படத்தைத் துணியில் சுற்றத் தொடங்கினார். ஒரு பக்கம் சுற்றினால் மறுபக்கம் துணி நழுவியது. தெய்வநாயகம் எழுந்து வந்து அதை வாங்கித் தாமே சுற்றிக் கொடுத்தார். "கை சுத்தமா இருக்குது உனக்கு. தகட்டைக் கழுவினதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. அடுத்த வருசம் உசுரோட இருக்கற மூஞ்சி ஒண்ணு கொண்டா" என்றார்.

அடுத்த வருடம் கரும்பாலையில் வேலை செய்கிறவர்களை எடுத்துப் போனார். மூன்று பேர், மூன்று புகை.

"அசையாதீங்கன்னு சொன்னியா?" என்றார் தெய்வநாயகம்.

"இல்லீங்க."

"ஏன்?"

"வேலையா இருந்தாங்க."

மூன்றாம் வருடம், அறுப்பு முடிந்து மதியத்தில் புளியமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆளை எடுத்தார். தூங்குகிறவரிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு வெளியே போய் அடுத்த மூச்சு வருவதற்குள் ஓர் இடைவெளி இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து மூடியைக் கழற்றியிருக்கிறார். படம் தெளிவாக இருந்தது. வாயோரத்தில் உட்கார்ந்திருந்த ஈயும் தெரிந்தது.

"இவரும் போயிட்டாரா?" என்று கேட்டார் தெய்வநாயகம்.

"இல்லீங்க. எழுந்து கஞ்சி குடிச்சிட்டுப் போயிட்டாருங்க."

தெய்வநாயகம் இந்த முறை சிரிக்கவில்லை. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டச் சொன்னார். பரிசு இல்லை, பெயரும் பத்திரிகையில் வரவில்லை. "தூங்கறவனை எழுப்பி எடுத்துட்டா நீ பெரிய ஆளுய்யா" என்று சொல்லி அனுப்பினார்.

அத்தை சொன்ன தவணை அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. நான் காரைக்காலில் மின்நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டேன். அடுத்த மாதங்களில் வீட்டில் நடந்ததை அக்காதான் எனக்குச் சொன்னாள்.

ஒரு நாள் அவளே போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "என்கிட்ட சொல்லிப் பழகுங்கப்பா. நான் கோவிச்சிக்க மாட்டன்."

தகடு போடாத வெறும் பெட்டியை வாசலில் நிறுத்துவார்கள். எதிரே முக்காலியில் அக்கா உட்காருவாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம்... அப்படியே... ஆடாம" என்பார்.

"யாரைச் சொல்றீங்க, மாட்டையா?"

"உன்னைத்தான்."

"அப்ப என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவள் வேண்டுமென்றே அசைவாள். மூக்கைச் சொறிவாள். கரும்பை ஒடித்து வாயில் வைத்துக்கொள்வாள். நாக்கை நீட்டுவாள். வயலிலிருந்து வந்து கால் கழுவியதும் தினமும் இந்தக் கூத்து. அம்மா உள்ளேயிருந்து, "கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணு பண்ற வேலையா இது" என்று முணுமுணுப்பாள். அப்பாவின் குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறியது. கடைசியில் ஒரு நாள், "அசையாதடி!" என்று கத்திவிட்டார். தெருவில் குடத்தோடு போய்க்கொண்டிருந்த வேலம்மாள் அப்படியே நின்றுவிட்டாளாம்.

அன்றைக்குச் சிரித்து முடிந்தபின் தகடு போட்டார்கள்.

அம்மா தடுத்துப் பார்த்தாள். கல்யாணம் ஆகாத பெண்ணைப் படம் எடுப்பதா என்றாள். கல்யாணம் ஆவதற்குத்தானே எடுக்கிறோம் என்றாள் அக்கா. அம்மாவே அக்காவின் தலையை வாரி, தன் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

விடியற்காலையில் தகட்டைக் கழுவினார்கள். எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் சூடேறினால் தகட்டின் மேல் பூச்சு உரிந்து வந்துவிடும். அதனால் மண்பானையில் ஊற்றி வைத்த தண்ணீர்தான் வேண்டும். அக்கா சிவப்புத் துணி சுற்றிய லாந்தரைப் பிடித்துக்கொண்டாள். "வந்துடுச்சி" என்று மட்டும் சொன்னார் அப்பா.

நான் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மடியில் கைகள். நேரே நம்மைப் பார்க்கிற கண்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது கீழுதட்டில் மட்டும் தெரியும். துளிகூடக் கலங்கவில்லை.

1938 ஜூலையில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது.

பரிசளிப்பு அன்று நடந்ததை அப்பா அப்போது யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. போன வருடம் உடம்புக்கு முடியாமல் காரைக்காலில் என் வீட்டில் இருந்தபோதுதான் சொன்னார். முதற்பரிசு வாங்கிய எல்லாவற்றுக்கும் மாலை போடுவது அந்தக் கண்காட்சியின் வழக்கம். முதற்பரிசுக் காளைக்கு மாலை போட்டார்கள். முதற்பரிசுப் பூசணிக்காய்க்குப் போட்டார்கள். கரும்புக் கட்டுக்குப் போட்டார்கள். பிறகு ஒருவர் நாற்காலியில் ஏறி, சுவரில் இருந்த அமுதத்தின் படத்துக்கும் பெரிய சாமந்தி மாலை ஒன்றைப் போட்டார்.

"பாத்ததும் நாற்காலிகிட்ட ஓடிட்டன்டா" என்றார் அப்பா. "கழட்டுங்கன்னு சொல்லணும். வாயத் தொறந்தன். தெய்வநாயகம் கையைப் புடிச்சிக் குலுக்கறாரு. வெள்ளைக்காரத் துரை கையைப் புடிச்சிக் குலுக்கறாரு. சுத்திக் கை தட்டறாங்க. சத்தம் வரலடா. வெறுங்காத்துதான் வந்தது."

பதக்கத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். வீட்டில் பரிசைப் பற்றிச் சொன்னார். மாலையைப் பற்றிச் சொல்லவில்லை. கண்காட்சி முடியும்வரை படம் மாலையோடு சுவரில் இருந்தது.

மடுகரையில் வெல்லம் காய்ச்சுகிற பக்கிரி, தன் வெல்லத்தைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனவர், மறுநாள் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தார். காளைக்கும் பூசணிக்காய்க்கும் மாலை போட்டிருப்பதை அவரும் பார்த்துத்தான் வந்தார். ஆனால் காளைக்கு மாலை என்றால் அது காளைக்குச் செய்கிற சிறப்பு. படத்துக்கு மாலை என்றால் எங்கள் ஊர்களில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அமுதம் யார் வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரியும். அப்பா யாரைப் படம் எடுப்பார் என்றும் தெரியும். படத்தில் அவள் இம்மியும் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். கீழே எழுதியிருந்தது பிரெஞ்சு. பக்கிரி தலையில் அடித்துக்கொண்டு, வெல்லத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

விடுமுறைக்கு வந்திருந்த நான் மறுநாள் காலை வீட்டில்தான் இருந்தேன். அப்பா வயலுக்குப் போயிருந்தார். தெருமுனையில் வண்டி வந்து நின்ற சத்தம், அதோடு ஒப்பாரி.

ஒப்பாரி கேட்டால் எங்கள் தெருப் பெண்கள் யாருக்கு என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். முதலில் போய்ச் சேர்ந்து அழுவார்கள். யார், என்ன என்பதெல்லாம் பிறகுதான். கனகாம்பாள் அத்தை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாரில் அடித்தபடி வந்தாள். கூட மடுகரைப் பெண்கள் நாலைந்து பேர். எங்கள் தெருப் பெண்கள் ஓடிப்போய்த் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாகச் சேர்ந்தார்கள். அத்தையின் வீட்டில் யாருக்கோ ஆகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அக்கா மாட்டுக்கொட்டகையில் இருந்தாள். சாணிக் கையோடு ஓடிவந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு அத்தையைக் கட்டிப்பிடித்து, அவளும் ஓவென்று அழுதாள். சிங்காரவேலுவுக்குத்தான் ஏதோ என்று நினைத்துவிட்டாளாம். மாரில் அடித்துக்கொண்டாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, கைக்குக் கிடைத்த தோளைப் பிடித்து அழுதாள்.

கொஞ்ச நேரம் இப்படிப் போனது. பிறகு அக்கா கேட்டாள். "யாருக்கு அத்தை?"

"என் அமுதத்துக்குத்தான்டி."

"நான் இங்க இருக்கிறன் அத்தை."

அத்தை கண்ணைத் திறந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே சரிந்து விழுந்தாள்.

தண்ணீர் தெளித்து எழுப்பினோம். அவள் கையிலிருந்த பை கீழே விழுந்து, உள்ளிருந்த அரக்குப் புடவை வெளியே வந்து கிடந்தது. கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த கூறைப்புடவை. கன்னியாகப் போய்விட்டாளே, போர்த்தியாவது அனுப்பலாம் என்று எடுத்து வந்திருக்கிறாள்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பக்கிரியைத் திட்டினார்கள். எங்கள் தெருத் தையலம்மாள், "செத்துட்டான்னு சேதி வந்தவங்க நூறு வருசம் இருப்பாங்க. ஆயுசு கெட்டிடி உனக்கு" என்று அக்காவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

மடுகரைக்காரி ஒருத்தி குறுக்கிட்டாள். "சேதி வந்தா ஆயுசு கூடும், சரி. அவளே வந்து மாரடிச்சி அழுதாளே. தன் சாவுக்குத் தானே அழுத பொண்ணை எங்கயாவது கேட்டிருக்கியா?"

யாரும் கேட்டதில்லை. சிரிப்பு நின்றது.

அத்தை அன்று எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறினாள். போகும்போது அக்காவின் தலையைத் தடவினாள். புடவையை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. அம்மா அதை வீட்டில் வைக்கக் கூடாது என்று யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

ஆடி போய் ஆவணியில் மடுகரையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சம்பந்தம் வேண்டாம்.

கம்யூன் என்கிற ஊராட்சியின் அலுவலகத்தை எங்கள் ஊரில் மேரி என்போம். சைகோனிலிருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடம் ஒருமுறை அங்கே நேரில் போய், உயிரோடு இருக்கிறோம் என்று சான்று வாங்க வேண்டும். அப்பா அக்காவை அழைத்துக்கொண்டு மேரிக்குப் போனார். அங்கிருந்த எழுத்தர், "உன் பொண்ணுக்கு எதுக்குய்யா இது, பென்ஷனா வருது?" என்று கேட்டிருக்கிறார். அப்பா நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் எழுத்தர் அக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெயர் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அமுதம் என்பவர் இன்று நம் முன் தோன்றினார், உயிரோடு இருக்கிறார்.

அதை எடுத்துக்கொண்டு, விடுப்பில் வந்திருந்த நானும் அப்பாவும் மடுகரைக்குப் போனோம்.

அத்தை காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னாடா இது?"

"உயிரோட இருக்கறான்னு மேரியில குடுத்தது அக்கா."

"எனக்குத் தெரியாதா தம்பி? கட்டிப்புடிச்சி அழுதவ நான்." காகிதத்தை மடித்து அவர் கையிலேயே வைத்தாள். "பக்கிரி வந்து சொன்னதும் இந்த வாசல்ல விழுந்து புரண்டு அழுதன். தலை முழுகினன். என் மனசுல அவளைக் கொண்டுபோய் வெச்சிட்டு வந்துட்டன்டா. இப்ப அவ மூஞ்சைப் பாத்தா எனக்கு அதுதான் வருது. தெனம் விடிஞ்சி எழுந்து அந்த மூஞ்சில நான் எப்படி முழிப்பன்? பங்காளிங்களை வுடு. எனக்கே ஆவல."

"மாலையை நான் கழட்டச் சொல்லியிருக்கணும்" என்றார் அப்பா. எந்த மாலை என்று அத்தை கேட்கவில்லை.

வெளியே வந்தபோது சிங்காரவேலு வரப்பில் நின்றுகொண்டிருந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "எங்கம்மா ராத்திரியில எழுந்து உக்காந்துக்கிட்டு அழுவுது மச்சான். நான் இன்னா பண்றது, நீயே சொல்லு." "போயிட்டு வர்றன்" என்றேன்.

தையில் அவனுக்கு நெட்டப்பாக்கத்தில் பெண் பார்த்து முடித்தார்கள். அப்பா அவனுக்குத் தாய்மாமன். அவர் இல்லாமல் சடங்கு நடக்காது. அத்தை வெற்றிலைத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே சொன்னாள். "தாய்மாமனா வந்து நிக்கணும். அப்புறம் உன் பொட்டியையும் கொண்டாந்து பொண்ணு மாப்பிள்ளையைப் படம் புடிச்சிக் குடு. பேப்பர்லல்லாம் உன் பேர் வந்துச்சின்னு பங்காளிங்களே கேக்கறாங்க." அவள் அதைத் தம்பிக்குச் செய்கிற நன்மையாகவே சொன்னாள்.

அத்தை போனபின் அம்மா குமுறினாள். "மானம் ஈனம் இருந்தா அந்தப் பொட்டியைத் தூக்கிக்கிட்டு அங்க போவாதீங்க."

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள். "போங்கப்பா. இதுக்குப் போவலன்னா வேற எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டாங்க. பொணப்படக்காரர்னே சொல்லிக்கிட்டு இருப்பாங்க."

பெட்டியையும் அதை நிறுத்துகிற கால்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் அப்பாவும் போனோம். பாகூரும் மடுகரையும் பிரெஞ்சுக்காரன் பக்கம்தான், ஆனால் நடுவே இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிடும். சாவடியில் சுங்கக்காவல்காரன் வண்டியை நிறுத்தி, தகட்டுப் பெட்டியைத் திறக்கக் கை வைத்தான். வெளிச்சம் பட்டால் தகடு அத்தனையும் பாழ். நான் வாய் திறப்பதற்குள், "தொறக்காதீங்க" என்று அப்பா சொன்னார். உரக்கச் சொன்னார். காவல்காரன் கையை எடுத்துக்கொண்டான். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்ததும் பந்தலுக்கு வெளியே வெளிச்சத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தினோம். பங்காளிகள் எல்லாரும் வந்து நெருக்கி நின்றார்கள். பிணத்தைத் தொட்ட கை என்று பேசியவர்களும் அதில் இருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக ஒரே இரைச்சல். அப்பா கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாரும் அசையாதீங்க."

இரைச்சல் நின்றது. குழந்தைகள்கூட நின்றன. புதுப்பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அப்பா அவளிடம் நடந்து போய், சற்றுக் குனிந்து, "நிமிந்து என்னைப் பாரும்மா. கொஞ்ச நேரம்தான்" என்றார். அவள் நிமிர்ந்தாள். சிங்காரவேலு எங்களைப் பார்க்காமல் கேமராவின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா மூடியைக் கழற்றினார். எண்ணினார். மூடினார்.

மறுநாள் விடியற்காலை அக்காவே லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம், நான் பிடிக்கிறேன் என்றேன். "உனக்குக் கை ஆடும்" என்றாள். தகட்டில் வெளுப்பு கறுப்பாகத்தான் விழும், முகங்கள் கறுப்பாக எழும்பி வந்தன. பதினேழு பேர், ஒருவர்கூடக் கலங்கவில்லை. அப்பா வாழ்க்கையில் எடுத்தவற்றில் தொழில் அளவில் மிகச் சரியான தகடு அதுதான். இன்று பார்த்தாலும் அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "அழகா இருக்காப்பா பொண்ணு" என்றாள்.

அப்பா தகட்டைக் கழுவிக்கொண்டே இருந்தார். போதும் என்று நான் சொன்ன பிறகும் கழுவினார்.

அந்தப் படத்தை மடுகரையில் பார்த்துவிட்டுப் பூரணாங்குப்பத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கு ஆள் வந்தது. பிறகு கரையாம்புத்தூரிலிருந்து, பிறகு வில்லியனூரிலிருந்து. பொணப்படக்காரர் என்கிற பெயர் போய்க் கல்யாணப்படக்காரர் ஆனார். அடுத்த வருடக் கண்காட்சிக்கும் படம் அனுப்பி இரண்டாம் பரிசு வாங்கினார். பிறகு ஐரோப்பாவில் சண்டை வந்து தகடு கிடைக்காமல் போனது. கிடைத்த சிலவற்றைச் சேர்த்து வைத்து முகூர்த்த நாட்களுக்குப் போனார்.

போகிற இடமெல்லாம் படம் எடுத்து முடித்ததும், பெட்டியைக் கட்டுவதற்குமுன், பெரியவர்களாகப் பார்த்து நேரே போய்க் கேட்பார். நானே கூட நின்று கேட்டிருக்கிறேன். "எனக்கு ஒரு பொண்ணு இருக்குது. அமுதம்னு பேரு. உங்க பக்கம் பையன் யாராவது இருந்தா சொல்லுங்க." குரல் நடுங்காது. தரையைப் பார்க்க மாட்டார். கேட்டவர்களும் மரியாதையாகவே பதில் சொல்வார்கள். "பாகூர்ப் பொண்ணா? தன் சாவுக்குத் தானே அழுதாங்களே, அந்தப் பொண்ணுதானே? பாப்போங்க" என்பார்கள்.

எட்டு வருடம் கேட்டார். அக்காவுக்கு இப்போது இருபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. கேட்பதற்கு அவர் இல்லை. காரைக்காலில் தெரிந்தவர்களிடம் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.